கைப்பேசிச் செயலியை உலாவியிலேயே சோதிப்பது: எதுவரை நம்பலாம்?

ஈசூன்_நிரலர்
வணக்கம். அயானிக் + கேப்பாசிட்டரில் (வலைப்பக்கமாக எழுதியதைக் கைப்பேசிச் செயலியாக்கும் கருவிகள்) ஒரு சிங்கப்பூர்ப் பேருந்து வருகைச் செயலி. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழியும் உண்டு. தினசரி வேலை முழுக்க 'அயானிக் சர்வ்' ஓட்டி, குரோமில் 8100 துறையில், டிவைஸ் மோடில்தான் நடக்கிறது. அங்கே எல்லாம் சரியாக ஓடுகிறது. சாதனத்தில் போட்டால் மூன்று கோளாறுகள்:

ஐஃபோனில் உள்நுழைந்தவுடன் அடுத்த அழைப்பிலேயே 401 (உள்நுழையாதவர் என்று சேவையகம் மறுக்கும் பிழை). ஆண்ட்ராய்டில் சோதனைச் சேவையகத்திலிருந்து தரவே வரவில்லை, பட்டியல் காலி. தமிழ்ப் பக்கங்களில் பொத்தான் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது.

மேக் கணினி குழுவுக்கு ஒன்றுதான், அதுவும் எப்போதும் கிடைக்காது. இவற்றை உலாவியிலேயே பிடிக்க வழி உண்டா, இல்லை உலாவிச் சோதனையே வீண்தானா?

பிடோக்_கியூஏ
வீண் இல்லை. ஆனால் டிவைஸ் மோட் என்ன செய்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டெவ்டூல்ஸ் (குரோமின் நிரலர் கருவிகள்) திறந்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்தினால் திரை அகலம், பிக்சல் விகிதம், தொடு நிகழ்வு, யூசர் ஏஜென்ட் சரம் ஆகியவை மாறும். அவ்வளவுதான். பட்டியலில் 'ஐஃபோன்' என்று தேர்ந்தெடுத்தாலும் பக்கத்தை வரைவது குரோமின் பிளிங்க் எஞ்சின்தான். உண்மையான ஐஃபோனில் உங்கள் செயலி ஓடுவது டபிள்யூகே வெப்வியூவில் (செயலிக்குள் இருக்கும் உலாவிச் சட்டம்), அதாவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில். எனவே டிவைஸ் மோடில் 'ஐஃபோனில் பார்த்தாச்சு' என்று சோதனை அறிக்கையில் எழுதுவது பொய்க் கணக்கு.

விண்டோஸில் இருந்தபடி வெப்கிட்டை ஓரளவு பார்க்க, உலாவியைத் தானாக இயக்கும் சோதனைக் கருவியான பிளேரைட் உதவும். அதன் வெப்கிட் பதிப்பை நிறுவி அதே பக்கத்தைத் திறந்தால் சிஎஸ்எஸ் வேறுபாடுகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். திரைக் காடி (நாட்ச்), மிதக்கும் விசைப்பலகை, ஆப்பிளின் குக்கி விதிகள் அதில் வராது. சில ஒலி, காணொளி வடிவங்களும் ஓடாது.

தேக்கா_டெவ்
401க்கு வருகிறேன். எஞ்சினைப் பார்க்கும் முன் பக்கத்தின் மூலத்தை (ஆரிஜின்: நெறிமுறை, டொமைன், துறை மூன்றும் சேர்ந்தது) பாருங்கள். கேப்பாசிட்டர் விவகாரங்களில் பாதித் தலைவலி அங்கேதான்.

உலாவியில் உங்கள் பக்கம் ஹெச்டிடிபி லோக்கல்ஹோஸ்ட் 8100. 'ஏபிஐ' (செயலி சேவையகத்திடம் தரவு கேட்கும் வழி) பாதைக்கு டெவ் சர்வரில் ப்ராக்ஸி (அழைப்பை இடையில் வாங்கிக் கடத்துவது) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் உலாவியின் பார்வையில் பக்கமும் ஏபிஐயும் ஒரே மூலம். குக்கி முதல் தரப்புக் குக்கி, கோர்ஸ் (வேறு மூலத்தை அழைக்க அனுமதி கேட்கும் உலாவி விதி) கேள்வியே எழாது. ஐஃபோனில் பக்கத்தின் மூலம் 'கேப்பாசிட்டர்://லோக்கல்ஹோஸ்ட்'. ஏபிஐ வேறு டொமைனில். அதே குக்கி இப்போது மூன்றாம் தரப்புக் குக்கி. டபிள்யூகே வெப்வியூ அதை இயல்பாகவே தடுத்துவிடும். சேவையகம் குக்கியை ஒழுங்காக அனுப்பியிருக்கும், வெப்வியூ சேமித்திருக்காது, அடுத்த அழைப்பில் 401. ஆண்ட்ராய்டில் பக்கத்தின் மூலம் 'ஹெச்டிடிபிஎஸ்://லோக்கல்ஹோஸ்ட்' (கேப்பாசிட்டர் 6 முதல் இதுதான் இயல்புநிலை). அங்கே குக்கிக்குச் சேம்சைட்=நன், செக்யூர் இரண்டும் இருக்க வேண்டும்.

இதை உலாவியிலேயே வரவழைக்க முடியும்:

முதலில் ப்ராக்ஸியை நீக்குங்கள். ஏபிஐயின் முழு ஹெச்டிடிபிஎஸ் முகவரியை நேரடியாக அழையுங்கள். சேவையகத்தில் அனுமதிக்கப்பட்ட மூலங்களாக லோக்கல்ஹோஸ்ட் 8100, கேப்பாசிட்டர் லோக்கல்ஹோஸ்ட், ஹெச்டிடிபிஎஸ் லோக்கல்ஹோஸ்ட் மூன்றையும் சேருங்கள். குக்கியோடு அழைக்கும்போது நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் அனுமதிப்பது செல்லாது, மூலத்தைப் பெயர் சொல்லியே திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு குரோம் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்துவிட்டு உள்நுழையுங்கள். ஐஃபோனில் வந்த அதே 401 உங்கள் மேசையிலேயே வரும். டெவ்டூல்ஸ் நெட்வொர்க் பலகையில் அந்தப் பதிலைச் சொடுக்கி குக்கிகள் தாவலைப் பாருங்கள். தடுக்கப்பட்ட குக்கி மஞ்சளில் காரணத்தோடு நிற்கும்.

தீர்வு என்றால், செயலிக்குக் குக்கி அமர்வே வேண்டாம். டோக்கன் வாங்கி, ஆதரைசேஷன் தலைப்பில் அனுப்புங்கள். டோக்கனைச் சாதனத்தில் கீசெயின், கீஸ்டோர் (பாதுகாப்புப் பெட்டகங்கள்) வழியாக வையுங்கள். கேப்பாசிட்டர் ஹெச்டிடிபியை இயக்கினால் ஃபெட்ச் அழைப்புகள் நேட்டிவ் வழியாகப் போய் கோர்ஸ் தொல்லை மறையும். உண்மைதான், ஆனால் அது உலாவியில் இயங்காது. உலாவியில் ஒரு பாதை, சாதனத்தில் இன்னொரு பாதை என்று இரண்டையும் சோதிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

ஈசூன்_நிரலர்
ப்ராக்ஸி இருக்கிறது, சரியாகச் சொன்னீர்கள். எல்டிஏ டேட்டாமால் (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுச் சேவை) அழைப்பும் அதன் வழியாகத்தான் போகிறது. உலாவியிலிருந்து நேரடியாக அழைத்தால் கோர்ஸ் பிழை வந்ததால் வைத்தது. கோர்ஸை முடக்கிய குரோமில் சோதிக்கலாமா?

தேக்கா_டெவ்
பாதுகாப்பை முடக்கும் கொடியோடு குரோமைத் திறப்பது (தனி யூசர் டேட்டா கோப்புறையும் கொடுத்தால்தான் அந்தக் கொடி வேலை செய்யும்) பிழையை மறைக்கும், தீர்க்காது. டேட்டாமாலுக்கு 'அக்கவுண்ட்கீ' என்ற தனித் தலைப்பு போகிறது. தனித் தலைப்பு இருந்தாலே உலாவி முதலில் ஆப்ஷன்ஸ் அழைப்பு அனுப்பி அனுமதி கேட்கும். அனுமதி வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சாவி செயலிக்குள் இருக்கவே கூடாது. உலாவியில் நெட்வொர்க் பலகையைத் திறந்தாலே தெரியும், ஏபிகேயை (ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு) பிரித்தாலும் தெரியும். சொந்தமாக ஒரு சிறு சேவையகம் வைத்து, சாவியை அங்கே பூட்டி, பதிலைச் சில விநாடிகள் தற்காலிகமாகச் சேமித்துக் கொடுங்கள். கோர்ஸும் தீரும்.

ஜூரோங்_பின்தளம்
ஆண்ட்ராய்டு காலிப் பட்டியல்: சோதனைச் சேவையக முகவரி ஹெச்டிடிபியா, எஸ் இல்லாமல்? அதுதான் காரணம். ஆண்ட்ராய்டு 9 முதல் குறியாக்கம் இல்லாத போக்குவரத்து இயல்பாகவே தடை. பதிவேட்டில் 'கிளியர்டெக்ஸ்ட் நாட் பெர்மிட்டட்' என்று வரும். உங்கள் பக்கம் ஹெச்டிடிபிஎஸ் மூலத்தில் இருப்பதால் கலப்பு உள்ளடக்கத் தடையும் சேரும். உலாவியில் பக்கமே ஹெச்டிடிபி என்பதால் இரண்டும் தலைகாட்டாது.

கேப்பாசிட்டர் கட்டமைப்பில் கிளியர்டெக்ஸ்ட், கலப்பு உள்ளடக்கம் இரண்டுக்கும் அனுமதிச் சாவி உண்டு. அதைத் திறப்பதைவிடச் சோதனைச் சேவையகத்துக்கு ஒரு சான்றிதழ் போட்டுவிடுவது மேல். திறந்த சாவியை வெளியீட்டுக்கு முன் மூட மறப்பார்கள், எந்தக் குழுவானாலும்.

உட்லண்ட்ஸ்காரி
தமிழ் எழுத்து வெட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

விண்டோஸ் குரோமில் தமிழ் நிர்மலா யூஐயில் தெரியும். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். மூன்றுக்கும் உயரம், அகலம், வரி இடைவெளி எல்லாமே வேறு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்து பொத்தானுக்கு 36 பிக்சல் நிலை உயரமும் வரி உயரம் 1ம் வைத்து, ஓவர்ஃப்ளோவை மறைத்திருந்தால் 'கு', 'மூ', 'ரூ' போன்றவற்றின் அடிச்சுழி போய்விடும். மேலே புள்ளியும் போகும். உயரத்தை நிலையாக வைக்காதீர்கள், குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். தமிழுக்கு வரி உயரம் 1.5க்குக் கீழே போகாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழைச் செயலியோடேயே சேர்த்து அனுப்பினால் மேசையில் பார்ப்பதும் சாதனத்தில் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றாகும்.

அகலத்துக்குச் சோதனைச் சொல்லாக 'அமைப்புகள்', 'அறிவிப்புகள்', 'பேருந்து நிறுத்தங்கள்' மூன்றையும் கீழ்த் தாவல் பட்டையில் போட்டு 320 பிக்சல் அகலத்தில் பாருங்கள். அங்கே தாங்கினால் எங்கும் தாங்கும்.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வெப்வியூவும் அதைப் பின்பற்றும். டிவைஸ் மோடில் அது இல்லை. பேருந்துச் செயலியைப் பயன்படுத்தும் பெரியவர்களில் பலர் எழுத்தை ஆகப் பெரியதில்தான் வைத்திருப்பார்கள். உலாவியில் ரூட் (பக்கத்தின் அடிப்படை) எழுத்தளவை 130, 150 விழுக்காடாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரெம் (ரூட் அளவைப் பின்பற்றும்) அலகில் எழுதாத இடமெல்லாம் அசையாமல் நின்று காட்டிக்கொடுக்கும்.

எண்களும் கவனம். மொழிக் குறியீடு வெறும் 'டிஏ' அல்லது 'டிஏ-ஐஎன்' என்றால் 12,34,567 என லட்ச முறையில் காற்புள்ளி விழும். 'டிஏ-எஸ்ஜி' என்றால் 1,234,567. பணம் காட்டும் செயலியில் இங்குள்ளவர்களுக்கு முதலாவது குழப்பம்தான். டெவ்டூல்ஸ் சென்சார்ஸ் பலகையில் சிங்கப்பூர் ஆயத்த இடமாக இல்லை. நீங்களே சேர்க்கலாம்: அட்சரேகை 1.3521, தீர்க்கரேகை 103.8198, நேர வலயம் ஆசியா/சிங்கப்பூர், மொழி டிஏ-எஸ்ஜி.

பொங்கோல்_ஃப்ளட்டர்
ஃப்ளட்டர் (டார்ட் மொழியில் செயலி எழுதும் கருவி) ஆட்களுக்கு மேலே சொன்னதில் ஒரு திருத்தம். டார்ட்டின் இன்டில் தொகுப்பில் தமிழுக்கு 'டிஏ' மட்டுமே. டிஏ-எஸ்ஜி கொடுத்தாலும் அது 'டிஏ'க்கு இறங்கி லட்ச முறைக் காற்புள்ளியையே போடும். எண் வடிவத்துக்கு மட்டும் ஆங்கில வடிவத்தைக் கையால் குறிப்பிடுங்கள்.

ஃப்ளட்டரை குரோமில் ஓட்டும்போது வேறு சில பொறிகள். எழுத்து எல்லாம் கேன்வாஸில் வரையப்படுகிறது. பழைய ஹெச்டிஎம்எல் ரெண்டரர் 3.29ல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் தமிழ் எழுத்துருவை நீங்கள் சேர்க்காவிட்டால் எஞ்சின் கூகல் எழுத்துருச் சேவையிலிருந்து நோட்டோவை இறக்கும், இறங்கும்வரை பெட்டி பெட்டியாகத் தெரியும். அலுவலக ஃபயர்வால் தடுத்தால் பெட்டியாகவே நிற்கும். சாதனத்தில் இந்தப் பிரச்சினை வராது. சாதனத்தில் இல்லாத பிழையைத் துரத்தி நேரத்தை விடாதீர்கள்.

கேன்வாஸ் என்பதால் பிளேரைட் 'இந்த எழுத்துள்ள பொத்தானை அழுத்து' என்றால் கண்டுபிடிக்காது. செயலி தொடங்கும்போது 'என்ஷூர் செமான்டிக்ஸ்' அழைத்துவிடுங்கள். அணுகல் அடுக்கு டாமில் உருவாகும், பிறகு தேடல் வேலை செய்யும். திரைவாசிப்பான் சோதனைக்கும் அதே அடுக்குதான்.

'பிளாட்ஃபார்ம்.ஈஸ்ஆண்ட்ராய்டு' உலாவியில் அன்சப்போர்ட்டட் பிழை எறியும், டார்ட் ஐஓ நூலகம் அங்கே இல்லை. முதலில் 'கேஈஸ்வெப்' பாருங்கள், பிறகு 'டிஃபால்ட் டார்கெட் பிளாட்ஃபார்ம்'. முழு எண்கள் இன்னும் மோசம்: உலாவியில் டார்ட் முழு எண் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாகிவிடுவதால் 9007199254740992க்கு மேலே துல்லியம் போய்விடும். 64 பிட் அடையாள எண்ணைச் சேவையகம் எண்ணாக அனுப்பினால் உலாவியில் கடைசி இலக்கங்கள் மாறும், சாதனத்தில் மாறாது. சரமாக அனுப்பச் சொல்லுங்கள்.

செங்காங்_எமுலேட்டர்
இவ்வளவு விதிவிலக்கு இருந்தால் உலாவியே எதற்கு? எமுலேட்டரைப் போட்டுவிட்டுப் போகலாமே லா.

பிடோக்_கியூஏ
எமுலேட்டரில் பேருந்து சேவை ஏபிஐ காலிப் பதில் தருவதை வரவழைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். முடியும், ஆனால் இடையில் இன்னொரு கருவி வேண்டும். உலாவியில் பிளேரைட்டின் ரூட் வசதியால் (அழைப்பை இடைமறித்துப் போலிப் பதில் தருவது) சில வரிகளில் முடிந்துவிடும். அடுத்தடுத்த பேருந்து இல்லாதபோது டேட்டாமால் பதிலில் 'நெக்ஸ்ட்பஸ்2', 'நெக்ஸ்ட்பஸ்3' புலங்கள் காலிச் சரங்களாக வரும். காலிச் சரத்தைத் தேதியாக்கினால் 'என்ஏஎன் நிமிடம்' என்று திரையில் நிற்கும். கடிகாரத்தை இரவு 11.58க்கு நிறுத்தி, வருகை 12.03 என்று போலிப் பதில் கொடுத்துப் பாருங்கள். நாள் மாறும் கணக்கில் மைனஸ் வருகிறதா என்று உடனே தெரியும். நிறுத்தக் குறியீடு 01012 போல பூஜ்யத்தில் தொடங்கினால் அதை எண்ணாக மாற்றிய நிரல் 1012 ஆக்கிவிடும். அஞ்சல் குறியீட்டுக்கும் இதே கதி. இந்த வகைத் தர்க்கப் பிழைகள் எந்தச் சாதனத்திலும் ஒன்றுதான். அவற்றை வேகமான இடத்தில் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

எம்ஆர்டி (சிங்கப்பூர் மெட்ரோ ரயில்) சுரங்கத்துக்கு, குரோமின் மெதுவான இணைப்பு முன்னமைவு மட்டும் போதாது. சுரங்கத்தில் வேகம் குறைவதைவிட இணைப்பு அறுந்து அறுந்து வருவதுதான் தொல்லை. ஆஃப்லைனை நடு அழைப்பில் போட்டு எடுங்கள். 3ஜி முன்னமைவைக் கண்டு குழம்ப வேண்டாம், இங்கே 3ஜி 2024லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. மெதுவான 4ஜி போதும்.

செங்காங்_எமுலேட்டர்
ரூட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசைப்பலகையும் காடியும் எமுலேட்டரில்தான் பார்க்க முடியும்.

உட்லண்ட்ஸ்காரி
காடியைப் பொய்யாக வைக்கலாம். குரோமில் சேஃப் ஏரியா மதிப்பு எப்போதும் 0. அயானிக்கில் அந்த இடைவெளிகள் சிஎஸ்எஸ் மாறிகள் வழியாக வருகின்றன. மேம்பாட்டு ஸ்டைல் கோப்பில் மேல் மாறியை 47 பிக்சல், கீழ் மாறியை 34 பிக்சல் ஆக்கினால் ஐஃபோன் 13 அளவு கிடைக்கும். டைனமிக் ஐலண்ட் உள்ள ஐஃபோன் 15 போன்றவற்றுக்கு மேலே 59. வியூபோர்ட் மெட்டாவில் 'கவர்' இல்லையென்றால் உண்மை ஐஃபோனிலும் 0தான் வரும், அதையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைத்தால் திரை விளிம்புவரை வரைவது கட்டாயம், உள்ளடக்கம் நிலைப்பட்டைக்குக் கீழே நுழையும். இதே மாறிகள் அங்கும் கைகொடுக்கும்.

விசைப்பலகையில் நீங்கள் சொல்வது சரி. கைப்பேசியில்தான் பார்க்க வேண்டும். அடையாள எண் பெட்டியில் (ஓர் எழுத்து, ஏழு எண், ஓர் எழுத்து) கீடவுன் நிகழ்வைப் பார்த்து எழுத்தை வடிகட்டும் நிரல் மேசையில் அருமையாக ஓடும். ஆண்ட்ராய்டு விசைப்பலகையில் எல்லா விசைக்கும் 229 என்றே வரும், வடிகட்டி செத்துப்போகும். இன்புட் நிகழ்வில் மதிப்பைச் சரிபாருங்கள். சோதனைக்கு உண்மையான ஆளின் எண்ணைப் போடாதீர்கள், போலி எண் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஐஃபோனில் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் தொட்டவுடன் பக்கம் பெரிதாகும். இதுவும் குரோமில் தெரியாது.

ஜூரோங்_பின்தளம்
எக்ஸ்போ (ரியாக்ட் நேட்டிவில் செயலி எழுதும் கருவி) ஆட்களுக்குச் சுருக்கமாக: டெர்மினலில் டபிள்யூ அழுத்தினால் உலாவியில் திறக்கும். 'அலெர்ட்.அலெர்ட்' அங்கே சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாது, 'நீக்கவா?' கேள்வி வராமல் பொத்தான் செத்ததுபோல் இருக்கும். செக்யூர்ஸ்டோர் உலாவியில் இல்லை. அதற்கென '.வெப்' பின்னொட்டுடன் தனிக் கோப்பு எழுதி லோக்கல் ஸ்டோரேஜுக்குத் திருப்புங்கள், சோதனைக்கு மட்டும். ஃபிளாட்லிஸ்ட்டுக்கு உயர வரம்பு இல்லையென்றால் உலாவியில் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் வரைந்து திணறும்.

ஈசூன்_நிரலர்
நன்றி. ஒரு கேள்வி. கைப்பேசியிலிருந்து மடிக்கணினியின் 192.168 முகவரியைத் திறந்தால் இடம் கேட்கும் வசதியே வரவில்லை, கேமராவும் இல்லை. லோக்கல்ஹோஸ்ட்டில் இரண்டும் இருக்கின்றன.

தேக்கா_டெவ்
பாதுகாப்பான சூழல் விதி. இடம், கேமரா, சர்வீஸ் வொர்க்கர் எல்லாம் ஹெச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும். ஆண்ட்ராய்டுக்கு யூஎஸ்பி இணைத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டிபக்கிங் போட்டு, 'ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:8100 டிசிபி:8100' கொடுங்கள். கைப்பேசியில் லோக்கல்ஹோஸ்ட் 8100 திறந்தால் அது உங்கள் மடிக்கணினிக்கே வரும், விதியும் தளரும். மேசைக் குரோமில் 'குரோம்://இன்ஸ்பெக்ட்' போனால் அந்தப் பக்கமும் செயலிக்குள் இருக்கும் வெப்வியூவும் பட்டியலில் தெரியும், இன்ஸ்பெக்ட் அழுத்தினால் முழு டெவ்டூல்ஸ் கிடைக்கும். வெப்வியூ தெரியாவிட்டால் அது வெளியீட்டுக் கட்டுமானமாக இருக்கும், டிபக் கட்டுமானம் போடுங்கள்.

ஐஃபோனுக்கு மேக் கிடைக்கும் நேரத்தில்: கைப்பேசியில் சஃபாரி அமைப்புகளில் அட்வான்ஸ்டு, வெப் இன்ஸ்பெக்டர். மேக் சஃபாரியில் டெவலப் மெனு. ஐஓஎஸ் 16.4 முதல் வெப்வியூவின் 'ஈஸ் இன்ஸ்பெக்டபிள்' பண்பு மெய் என்று இருந்தால்தான் செயலி அங்கே தெரியும். மேக் இல்லாத நேரத்துக்கு எரூடாவைச் சோதனைக் கட்டுமானத்தில் மட்டும் சேருங்கள், செயலிக்குள்ளேயே கன்சோல் மிதக்கும்.

பிரவுசர்ஸ்டாக், அப்பிட்டைஸ் போன்றவற்றையும் சிலர் 'உலாவியில் சோதனை' என்கிறார்கள். அது வேறு. அங்கே எங்கோ ஓடும் சாதனமோ சிமுலேட்டரோ உங்கள் உலாவிக்குப் படமாக வருகிறது. மேக் தட்டுப்பாட்டுக்கு நல்ல மருந்து. வாடிக்கையாளரின் உண்மைத் தரவை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், தனிநபர் தரவுச் சட்டம் இருக்கிறது.

ஈசூன்_நிரலர்
ப்ராக்ஸி எடுத்துவிட்டு மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடுத்துப் பார்த்தேன், அதே 401 குரோமிலேயே வந்தது. டோக்கனுக்கு மாறுகிறோம். நான்கு மொழித் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஒப்பீட்டைப் பிளேரைட்டில் வைத்தால், ஒருவர் விண்டோஸிலும் இன்னொருவர் லினக்ஸிலும் ஓட்டும்போது தமிழ்ப் படங்கள் மட்டும் எப்போதும் வேறுபடுமா?

பிடோக்_கியூஏ
எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தாலும் விளிம்பு மழுக்கல் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும், நான்கு மொழியிலும். ஒப்பீட்டை ஒரே டாக்கர் படிமத்துக்குள் மட்டும் ஓட்டுங்கள், எல்லாரும். படம் எடுக்கும் முன் எழுத்துருக்கள் ஏறி முடிந்ததா என்று 'ஃபான்ட்ஸ்.ரெடி' மூலம் காத்திருங்கள், இல்லையேல் முதல் ஓட்டத்தில் மாற்று எழுத்துரு பதிவாகி அதுவே மூலப்படமாகிவிடும். மொழிக்கு ஒரு ப்ராஜெக்ட், ஒவ்வொன்றிலும் நேர வலயமும் இடமும் மேலே சொன்னபடி, கடிகாரம் நிறுத்தியபடி. வெப்கிட்டில் தமிழும் ஆங்கிலமும் போதும், நான்கையும் ஓட்டினால் நேரம்தான் போகும்.

ஜூரோங்_பின்தளம்
லைவ் ரீலோடுக்காக (நிரலை மாற்றியதும் சாதனத்தில் உடனே தெரிய) கேப்பாசிட்டர் கட்டமைப்பில் சேவையக முகவரி எழுதியிருந்தால், வெளியீட்டுக் கட்டுமானத்துக்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் கட்டுமானத்தை நிறுத்தும் ஒரு வரியைச் சிஐயில் (தானியங்கிக் கட்டுமான அமைப்பு) போட்டுவிடுங்கள். அது உள்ளே போனால் உங்கள் மேசையில் மட்டும் செயலி திறக்கும், மற்றவர்களுக்கு வெள்ளைத் திரை.